சம்பந்தி கடிச்ச கிரனோலா

…அதுக்காக ஓட்ஸைக் கடிச்சா பல்லு உடையும்னு யாராவது சொன்னா நீங்க நம்புவீங்களா தம்பி? வேணாம், வேணாம், வாயைத் திறக்காதீங்க. கன்னம் அப்படி வீங்கியிருக்கு. அந்த ஐஸ் பையை நல்லா அழுத்திப் பிடிச்சுக்குங்க. நான் பேசுறேன், நீங்க தலையை ஆட்டினா போதும். …ஆட்டக்கூட வேணாம், வலிக்கும்.

உள்ள போனாரே, வெள்ளைச் சட்டை, கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு… அவரு என் சம்பந்தி. என் மருமகளோட அப்பா. கூடப் போனவதான் மருமக. நானும் உள்ள போனேன். டாக்டரம்மா ஊசி போடுறதுக்கு முன்னாடி, பல்லு எப்படி உடைஞ்சுதுன்னு ஆதியிலேருந்து சொல்லிடலாம்னு ஆரம்பிச்சேன். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க"ன்னுட்டாங்க. அவரு வாயைப் பார்க்கிற நேரத்துல என் வாயையும் பார்த்துக்கிட்டு இருக்க முடியாதாம். என்ன வைத்தியமோ.

கிரனோலான்னா தெரியும்ல? ஓட்ஸையும் பாதாம் முந்திரியையும் தேன்ல பிரட்டி, அவன்னு சொல்ற கரண்ட் அடுப்புல வச்சு மொறுமொறுன்னு எடுப்பாங்களே, அது. தயிர்ல போட்டுச் சாப்பிடுவாங்க. எங்க மருமகளுக்குக் காலைல அதுதான். அவ பிசியோதெரபிஸ்ட். முட்டி வலி, முதுகு வலின்னு வர்றவங்களுக்கெல்லாம் கையைக் காலை நீட்டி மடக்கி விடுற வேலை. விடிஞ்சும் விடியாமக் கிளம்பிடுவா. சமையல்கட்டு ஜன்னல் ஓரமா நின்னுக்கிட்டே ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டு ஓடுவா.

ஒரு நாள் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் "உடம்புக்கு நல்லது"ன்னு கொட்டை எழுத்து. பின்பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல சர்க்கரை. எறும்பு சர்க்கரைகிட்டதான போகும்… சரி, அதை விடுங்க. "இனிமே இந்த பாக்கெட் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது, நானே பண்ணித் தர்றேன்"னு சொல்லிட்டேன். "அத்தை, வேணாம், நாங்களே…"ன்னு அவ ஆரம்பிச்சா. "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், நிக்க நேரமில்லாத பொழப்பு"ன்னு முடிச்சுட்டேன். அந்த "நாங்களே"க்கு அப்புறம் என்ன இருந்துச்சுன்னு இன்னைக்குத்தான் யோசிக்கிறேன்.

என் வேலையைச் சொல்லலையே. பஸ் நிலையத்துல 'விசாரணை'ன்னு போட்ட கண்ணாடிக் கூண்டு இருக்கும்ல, அதுக்குள்ள உக்காந்திருந்தவ நான். இப்பதான் ஓய்வு. ஆளு வந்து "அம்மா, இந்த…"ன்னு இழுக்கும்போதே எந்த மேடைன்னு சொல்லிடுவேன். பையைப் பார்த்தா போற ஊரு தெரியும். கழிப்பறை கேக்க வர்றவங்க நடையே தனி. ஒவ்வொருத்தர் கேள்வியையும் முழுசாக் கேட்டுக்கிட்டு இருந்தா வரிசை நகராது தம்பி. அப்படியே பழகிப் போச்சு. ஒருத்தரு பாவம், "அம்மா…"ன்னாரு, "ஏழாவது மேடை, ஓடுங்க, கிளம்புது"ன்னேன். விழுந்தடிச்சு ஓடி ஏறிட்டாரு. அவரு கேக்க வந்தது மணி என்னன்னாம், பின்னாடி நின்னவரு சொன்னாரு. எந்த ஊருல இறங்கினாரோ.

ம்… கிரனோலா. "நமக்கு ஒரு அவன் வேணும்"னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பேப்பர்லேருந்து தலையைத் தூக்கி "எவன்?"னாரு. இத்தனை வருஷத்துல அவரு என்னைக் கேட்ட ஒரே கேள்வி. அதுக்கும் பதில் சொல்லித்தான் வாங்கினேன்.

வீடியோவுல ஒரு பொண்ணு சொல்லித் தருது. கை மட்டும்தான் தெரியும். ஓட்ஸ், பாதாம், வால்நட், பூசணி விதை, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் தேன். பட்டைத்தூள், சுக்குத்தூள், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவுதான. பாதியிலேயே எனக்குப் புரிஞ்சிருச்சு, நிறுத்திட்டேன். வீடியோ வாயையே அடைச்சவ தம்பி நான். மிச்சப் பாதியை இன்னைக்கு இங்க உக்காந்துதான் பார்த்தேன், நீங்க வர்றதுக்கு முன்னாடி. இளஞ்சூட்டுல வைக்கணுமாம். நடுவுல ஒருதரம் கிளறி விடணுமாம். எடுக்கும்போது மெதுவாத்தான் இருக்குமாம், பயப்படாதீங்க, ஆற ஆறத் தானா மொறுமொறுப்பு வரும்னு அந்தப் பொண்ணு அவ்வளவு பொறுமையாச் சொல்லுது. ஆற விடணும்னு எனக்கு யாரு சொன்னா?

அதனால முதல் தடவை சுடச்சுட டப்பாவுல கொட்டி மூடிட்டேன். உள்ளயே வேர்த்து நமுத்துப் போச்சு. அன்னைக்குப் பார்த்து சம்பந்தியம்மா வந்தாங்க, இவரோட வீட்டம்மா. ஒரு வாய் போட்டுட்டு, "வாசனை நல்லா இருக்கு… கொஞ்சம் மெத்துன்னு இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. ஆனா அந்த "மெத்து" இருக்கே, அது என்னைத் தூங்க விடல. ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னு சொன்ன கதையா, எல்லாம் ஓட்ஸ் சரியில்லைன்னு கடையை மாத்தினேன்.

ரெண்டாவது தடவை, வாசனையாவது நம்ம கையில இருக்கேன்னு கிராம்பை அள்ளிப் பொடிச்சுப் போட்டேன். வீட்டுக்காரருக்கு நாக்கு மரத்துப் போச்சு. நாள் பூரா பேச முடியல. அப்படி ஆனது எனக்கு மறுநாள்தான் தெரியும். வித்தியாசம் தெரியலையே.

மூணாவது தடவை பண்ணினதுதான் இன்னைக்குச் சம்பந்தியை உள்ள அனுப்பியிருக்கு. மெத்துன்னு இருக்குன்னு இனி யாரும் சொல்லக்கூடாதுன்னு ஒரு வீம்பு. தேனைக் கூட்டினேன். அது போதாதுன்னு ஒரு பாகு வேற காய்ச்சி ஊத்தினேன்… ஆமா, சர்க்கரைப் பாகுதான். பாக்கெட்டுல இருந்ததைவிட ஜாஸ்தி. முறைக்காதீங்க தம்பி, எனக்கே தெரியுது. தட்டுல கொட்டி, கரண்டியால அழுத்தி அழுத்திச் சமமாக்கி, சூட்டை ஏத்தி வச்சேன். வெளிய எடுத்தா தட்டும் அதுவும் ஒண்ணாயிடுச்சு. கவிழ்த்தா விழல, தட்டினா டங்குன்னு சத்தம். வீட்டுக்காரர் எழுந்து போயி சுத்தியலை எடுத்துட்டு வந்தாரு.

ஆனா வாசனை இருக்கே… பட்டையும் ஏலக்காயும் மாடிப்படி வரைக்கும் நின்னுச்சு. துண்டெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளன்னு. மேல் வீட்டுக்கு ஒரு டப்பா குடுத்தேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு டப்பா திரும்பி வந்துச்சு. கடிச்ச சத்தம் மட்டும் கேக்கல. எங்க கட்டடத்துல ஒரு ஆணி அடிச்சாலே எங்க வீட்டுக்குக் கேக்கும்.

சரி, இன்னைக்குக் காலைல. கதவைத் தட்டுற சத்தம். திறந்தா சம்பந்தி, தனியா நிக்கிறாரு. அவரு நூலகர். அவரு குரல் அவரு சட்டைப் பையைத் தாண்டாது. வேலை நாள்ல லீவு போட்டுட்டு வந்திருக்காரே, என்ன ஏதுன்னு கேக்கணும்ல? நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கிரனோலா நல்லா வந்திருக்குன்னு கேள்விப்பட்டு வந்திருக்காருன்னு. சிரிங்க, சிரிங்க… பார்த்து, வலிக்கும்.

என் பையனும் மருமகளும் ரூம் வாசல்ல நிக்கிறாங்க. அவளும் இன்னைக்கு வேலைக்குப் போகல. அதையும் நான் கேக்கல. தட்டுல இருக்கிறதுலயே பெரிய துண்டா எடுத்து அவரு கையில குடுத்தேன். அவரு ஏதோ சொன்னாரு. "சும்மா சாப்பிடுங்க, சர்க்கரையே இல்ல"ன்னேன். பொய்தான். மறுபடியும் கன்னத்தைத் தொட்டுக் காட்டி என்னமோ சொன்னாரு. அந்த நேரம் நான் நல்ல பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். மெல்லிசா, சுருட்டின பீடி மாதிரி இருக்கணும், அதுதான் நல்ல பட்டை. மனுஷன் மரியாதைக்காகக் கடிச்சாரு.

சத்தம் கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க? "பார்த்தீங்களா, என்ன மொறுமொறுப்பு"ன்னேன்.

அவரு கையில பாதிப் பல்லு இருந்துச்சு. அந்தப் பல்லு ஏற்கனவே ஆடிக்கிட்டு இருந்ததாம், இந்தப் பக்கம் கடிக்க முடியாதுன்னுதான் அவ்வளவு நேரமும் சொல்லியிருக்காரு. மருமக சொன்னா. திட்டல. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாத்தான் சொன்னா. தவளை தன் வாயால கெடும்பாங்க. இங்க தவளை வாய் நல்லாத்தான் இருக்கு, எதிர்ல உக்காந்தவரு வாய்தான் கெட்டுச்சு.

டாக்ஸியில நான் முன்னாடி உக்காந்தேன். அப்பாவும் பொண்ணும் பின்னாடி. டிரைவர்கிட்ட நடந்ததைச் சொல்லிக்கிட்டே வந்தேன். பின்னாடியிருந்து கைக்குட்டைக்குள்ளேருந்து என்னமோ குரல். "வீடு… வீடு…"ன்னு. "வீட்டுக்கு இல்ல சம்பந்தி, ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்"னேன். அப்பதான் மருமக, "அத்தை, அப்பா நாங்க பார்த்திருக்கிற வீட்டைப் பத்திச் சொல்றாரு"ன்னா.

தனியா வீடு பார்த்திருக்காங்க தம்பி. அவ வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல. பேசி முடிச்சாச்சு. எனக்குச் சொல்லணும்னு ரொம்ப நாளா முயற்சி பண்ணியிருக்காங்க. பையன் ஆரம்பிச்சா நான் வால்நட் விலையைச் சொல்லுவேன். அவ ஆரம்பிச்சா பாதாம் தீர்ந்துடுச்சான்னு கேட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பேன். கடைசியில, பெரியவரு வந்து சொன்னா கேப்பாங்கன்னு இவரைக் கூப்பிட்டிருக்காங்க. அமைதியான மனுஷன், பக்குவமாச் சொல்லுவாருன்னு. சொல்ல வந்த வாயிலதான் நான் கல்லைத் திணிச்சேன்.

கோபம் வந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். கூண்டுக்குள்ள உக்காந்து ஊரையே வழியனுப்பினவ, என் வீட்ல ஒரு பஸ் கிளம்பி நிக்குது, எனக்குத் தெரியல. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தாரு, என்னடா இந்தம்மா பேச்சையே காணோம்னு. அவரே பாட்டுப் போட்டுக்கிட்டாரு.

ஒண்ணு சொல்லட்டுமா? உங்களுக்கு என்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. எனக்கு கிரனோலா பிடிக்கவே பிடிக்காது. பல்லிடுக்குல மாட்டிக்கிற சங்கதி. ஆனா ஓய்வு பெத்த மறுநாள் காலைல எழுந்தா, கேக்க ஒரு ஆளு இல்ல. எந்த மேடைன்னு கேக்கவும் ஆளு இல்ல. வீட்டுக்காரர் பேப்பருக்குள்ள. பையன் போர்வைக்குள்ள. ஜன்னல் ஓரமா அந்தப் பொண்ணு மட்டும் கிண்ணத்தோட நிக்குது. அவ சாப்பிட்டு முடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என் நாளே. பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டிக்கிட்டா நான் எதுக்கு? நானே பண்ணினா, உப்புப் போதுமா, ஏலக்காய் ஜாஸ்தியான்னு ஒரு பேச்சு இருக்கும்ல. அதுக்குத்தான் அவ்வளவும். பேச்சு வேணும்னு பேசிப் பேசியே துரத்திட்டேன். சொந்தச் செலவுல சூனியம் வைக்கிறதுன்னா இதுதான்.

அவங்க போகட்டும். நல்லா இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்கும் காலைல இன்னும் கொஞ்சம் தூங்கக் கிடைக்கும்ல… என்ன தம்பி, உங்களையா கூப்பிடுறாங்க? போங்க, போங்க. ஊசின்னு பயப்படாதீங்க, எறும்பு கடிக்கிற மாதிரிதான்… பாருங்களேன், இந்த வாசல்ல எல்லாரும் காலை இழுத்து இழுத்துத்தான் உள்ள போவாங்க. ஐஸ் பையைக்கூட மறந்துட்டு ஓடுற முதல் ஆளு நீங்கதான்.

…வாம்மா. முடிஞ்சுதா? அப்பா எப்படி இருக்காரு? …சரி. …சரி. ம். இங்க வந்து உக்காரு.

அந்த வீட்டுக்குக் காத்து வருமா? எத்தனையாவது மாடி?

…இல்ல, நான் ஒண்ணும் சொல்ல வரல. நீ முழுசாச் சொல்லு.