பிடியை மட்டும் துடைக்கச் சொன்னார்

நான் அரைகுறை வேலை செய்கிறவன் இல்லை, ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். அச்சகத்தில் காகிதம் வெட்டும் பிளேடுகளைத் தீட்டுவது என் பிழைப்பு. இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

குடும்பக் கத்தியை அண்ணன்தான் கொடுத்தார். சொந்தக்காரர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் சபாநாயகர். தும்முவதற்குக்கூட முன்னுரை சொல்வார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் அந்தக் கத்தியைக் கழுத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துச் சத்தியம் செய்தால், பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. சொன்னது பொய்யென்றால் கத்தி அறுத்துவிடுமாம். தலைமுறை தலைமுறையாக யார் கழுத்தும் அறுபடவில்லை. எல்லாரும் உண்மை பேசியதால் அல்ல. அதைக் கொண்டு வெண்ணெயைக்கூட வெட்ட முடியாது.

"பிடியை மட்டும் பளபளன்னு பண்ணிடுடா. ஞாயித்துக்கிழமை படம் பிடிக்க ஆள் வரான். துரு அப்படியே இருக்கட்டும், அதுலதான் வீரம் தெரியும்."

சத்தியம் என் மகளைப் பற்றியது. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள். புருஷன் விபத்தில் போய்ச் சேர்ந்தான். கைக்குழந்தையோடு வந்து, பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவி அண்ணனிடம். நானே அவர் வீட்டுப் பின்கட்டில் ஒண்டியிருப்பவன்.

"அண்ணே, ஒரு மூலை போதும்ணே. உங்க கண்ணுலயே படமாட்டா."

"அழாதடா. அவ நம்ம குடும்பத்துப் பொண்ணே இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணிடறேன். உனக்கும் நிம்மதி."

காலில் விழுந்தேன். "நகச்சுற்று இருக்குடா, பார்த்துப் பிடி" என்றார்.

மழை பெய்துகொண்டிருந்தது. என் மனைவி ஜன்னல் கம்பி வழியாகக் குடையை வெளியே எறிந்தாள். அது கேட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்துவிட்டது.

அதன் பிறகுதான் கூரில் கை வைத்தேன். விளிம்புத் துருவை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். போர்க்களத்தில் ஏந்திய கத்தி என்பார் அண்ணன். எலும்பிலிருந்து கறி பிரிக்கிற கத்தி அது. சொரசொரப்புக் கல், பிறகு வழுவழுப்புக் கல், கடைசியில் தோல் பட்டை. முன்கை மயிரில் வைத்துப் பார்த்தேன். வலியே இல்லாமல் எடுத்தது. புதுக் கூர் மின்னியது. கடுந்தேநீரில் நனைத்த துணியை அதில் சுற்றிவைத்துக் கறுக்கவிட்டேன். பழைய பொருளைப் புதுப்பிக்கும்போது பழமை கெடக் கூடாது. எந்தத் தொழில்காரரையும் கேளுங்கள்.

"கூர் கீர் வைக்கலையே?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, பிடி மட்டும்தான்."

வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய். அவர் சொன்னவற்றை யார் எண்ணுவது?

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அண்ணனின் முன்னுரை நீண்டது; அன்றும் மகள் குழந்தையோடு கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். அத்தை இரண்டு முறை கொட்டாவி விட்டார். படம் பிடிப்பவர், "கொஞ்சம் அழுத்திப் பிடிங்க சார்" என்றார். அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல. இழுத்ததும் அண்ணன்தான்.

அண்ணி அலறி ஓய்ந்தார். அத்தைதான் மெல்லக் கேட்டார்: "அப்போ... அவன் சொன்னது பொய்யா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான், ஐயா, எல்லாம். கத்தியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இனி அவளை இந்தக் குடும்பத்துப் பெண் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. அண்ணன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நானே கேட்டைத் திறந்தேன்.

மகள் என் கைகளைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் கூடத்தைப் பார்த்தாள். குழந்தையின் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

"இதையாப்பா நான் கேட்டேன்?"

தெருக்கோடி வரை திரும்பிப் பார்க்காமலே போனாள். கோபம் ஆறினால் வந்துவிடுவாள், எனக்குத் தெரியாதா? குழந்தை தவழுகிற வயசு. கூடத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிவைக்கும்படி மனைவிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.