மே இருபத்திரண்டாந்தேதிப் பாட்டு

– குண்டு வெடிச்சது கூட்டத்துல. நம்ம வூட்ல இன்னா எழவு வுழுந்துச்சு? விடிஞ்சதுலேர்ந்து அடுப்பு பத்தவெக்காம வாசப்படியிலயே குந்திகினுகீற?

– பசிச்சா பழையது கீது. போட்டுத் துன்னுய்யா.

– தலைவர் செத்துட்டாருன்னு ஊரே அழுவுது, சரி. எனக்கும்தான் வயிறு எரியுது. அதுக்குன்னு... தே ரத்னா, ரேடியோவ ஏன் நிறுத்துன?

– காலைலேர்ந்து அதே வீணை. எவ்ளோ நேரம்தான் கேக்குறது?

– போடு மே. பதினோரு மணி ஆவப்போவுது.

– ஆனா இன்னா? ஏழு நாளிக்கு துக்கமாம். சினிமாப் பாட்டே கெடையாதுன்னு பக்கத்து வூட்டு மாரி சொல்லிட்டுப் போனான்.

– மாரிக்கு இன்னா தெரியும்? ஒரே ஒரு பாட்டு போட்டா கொறஞ்சா பூடுவாங்க? இன்னிக்கு இன்னா தேதி, சொல்லு பாப்போம்.

– ஆரம்பிச்சிட்டியா? தேதி சொன்னா பாட்டு சொல்ற வித்தைய இன்னிக்குமா காட்டணும்?

– சொல்லுடி.

– மே இருபத்திரண்டு. என் பொண்ணு பொறந்த நாளு. பெத்தவளுக்குத் தெரியாதா?

– அறுவத்தெட்டுல இதே தேதி. நான் எப்பவும் முணுமுணுக்குற அந்தப் பாட்டோட ரிக்கார்டு மொதமொத நம்ம ஊருக்கு வந்துச்சு. மைக் செட்டுக்காரன் பஜார்ல நாலு கொழாய் கட்டி, நாள் பூரா அதையே போட்டான். மூணாந்தபா பாடுறப்ப எழிலரசி பொறந்தா. அதக் காதுல கேட்டுகினேதான் கொழந்த மூஞ்சியப் பாத்தேன்.

– அந்த மூஞ்சியத்தான தலமுழுவிட்டேன்னு சொன்ன? சர்ச்சுல தாலி கட்டிகினு வந்து நின்னவள, உள்ளகூட வுடாம, அவ எதுருலயே சொம்புத் தண்ணிய தலையில ஊத்திகின.

– ஊத்திகினேன். இல்லேன்னா சொல்றேன்? அதுக்குத்தான் கார்டு போட்டேன்.

– இன்னா கார்டு?

– நேயர் விருப்பத்துக்கு. மெட்ராஸு ரேடியோ ஸ்டேஷனுக்கு நேர்லயே போயி கெஞ்சினேன். இருபத்திரண்டாந்தேதி கண்டிப்பா படிக்கிறோம்னாங்க. பொறந்தநாளுன்னா அந்தப் பாட்டு வருதான்னு ரேடியோகிட்டயே குந்தினிருப்பா. சின்னதுலேர்ந்து பழக்கம்.

– பாட்டு போட்டா எல்லாம் ஆச்சா?

– பேரு படிப்பாங்க இல்ல? ஸ்ரீபெரும்புதூர் அண்ணாதுரை, ரத்னா, எழிலரசி. நம்ம பேரோட அவ பேரையும் சேத்துச் சொன்னா, அப்பன் கூப்புடுறான்னு புரிஞ்சிக்க மாட்டாளா?

– அவ கட்டிகின புள்ள பேரு?

– தேவசகாயம். அதையும் எழுதினேன். கடைசியில. ரெண்டு தபா அடிச்சிட்டு, அப்புறம் எழுதிட்டேன்.

– அடப்பாவி மனுசா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

– சொன்னா நீ ஊரெல்லாம் டமாரம் அடிப்ப. தே, இன்னாத்துக்கு அழுவுற? இன்னிக்கு இல்லேன்னா எட்டாம் நாளு போடுவான். அதுகூட வாணாம், பஸ்ஸு வுடட்டும், நானே வாலாஜாபாத்ல அவ வூட்டுக்குப் போயி கையோட கூட்டியாறேன்.

– பஸ்ஸு நேத்து ஓடுச்சுய்யா.

– இன்னா ஒளர்ற?

– கூட்டத்துல பாட்டுக் கச்சேரி கீது, எப்படியும் போவேன்னு வாரம் பூரா சொல்லிகினு இருந்தியே.

– கம்பெனில சூப்பர்வைசர் ஓ.டி. போட்டுட்டான். லைன வுட்டு நவுர முடில. அதுக்கின்னா இப்ப?

– பாட்டு கேக்குறப்பதான் ஒன் மனசு எளகும். அந்நேரத்துல போயி ஒன் கால்ல வுழுடின்னு அவளுக்கு ஆள் வுட்டுச் சொல்லி அனுப்புனேன். சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ல வந்து எறங்கினா. நான்தான் பஜார்ல பூ வாங்கி வெச்சு வுட்டேன்.

– ரத்னா... வூட்டுக்குப் போயிருப்பா. புருசன் வூட்டுக்குப் போயிருப்பா மே.

– விடியக்காலம் தேவசகாயம் சைக்கிள்ல தேடினு வந்தான். நீ ஓ.டி. முடிச்சு படுத்தினிருந்த. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிகீறான், பாத்துட்டு வந்து சொல்றேன்னு.

– அவ்ளோ ஜனம் நின்னுச்சு. எல்லாருக்குமா அடிபட்டுச்சு? கடைசில எங்கியாவது நின்னிருப்பா. இவ்ளோ கூட்டத்துல அவ எங்கடி முன்னாடி போவப் போறா?

– “அப்பாவ எங்கம்மா தேடுறது”ன்னு கேட்டா. கச்சேரின்னா மேடைய ஒட்டினாப்புலதான் நிப்பாரு, இடிச்சிகினு முன்னாடி போயிடுடின்னு நான்தான்யா சொன்னேன்.