தைவான் கடிதம், தமிழில்

பூலாம்பாடிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. நான் ஒன்பது வருடம் பெரும்பாலும் நின்றுகொண்டே போயிருக்கிறேன். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி இன்னொரு பஸ். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள்வேன். சிறுநீரகம் கெட்டவனுக்கு வாழைப்பழம் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஆப்பிள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு முத்தமிழ்செல்வன்மேல் வன்மம் இருந்தது என்று அவன் மகள் புகாரில் எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினீர்கள். வன்மம் உள்ளவன் முட்டிவலியோடு வாராவாரம் ரெண்டு பஸ் மாறிப் போவானா? நீங்கள் படித்த இன்ஸ்பெக்டர். யோசித்துப் பாருங்கள்.

முத்தமிழ்செல்வன் என் கூட்டாளி. அரியலூர் மார்க்கெட் தெருவில் இரண்டு பேரும் சேர்ந்து டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தோம். பலகையில் அரங்கநாதன் என்ற என் பெயர் முதலில், அவன் பெயர் அடுத்தது. நான் பி.ஏ. ஆங்கிலம். அவன் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் மூன்று தடவை விழுந்தவன். ஆனால் ஒரு டிவியின் முதுகைக் கழற்றிவிட்டால் போதும், அது அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நான் கல்லாவில் உட்கார்ந்து பேசுவேன், அவன் உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பான். நல்ல பொருத்தம் என்று தெருவே சொல்லும்.

அரசு கொடுத்த இலவச டிவி அப்போது வீட்டுக்கு வீடு இருந்தது. அதில் செருகி விளையாட ஒரு கேம் பெட்டி செய்தான். பழைய செட்டாப் பாக்ஸ் உதிரிகளை வைத்துத் தானே செய்தது. சிமெண்ட் லாரியை அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஓட்டிப்போக வேண்டும். வழியில் ஆடு குறுக்கே வரும், பள்ளம் வரும், ஒரு போலீஸ்காரர் கை நீட்டுவார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை வைத்தது அவன். அவன் மகள் வினோதினியும் பக்கத்து வீட்டு விக்கியும் ஒரே ஜாய்ஸ்டிக்குக்கு அடித்துக்கொண்டார்கள் என்று, அதை நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதியாகப் பிடித்து விளையாடும்படி மாற்றினான். அப்படி ஒன்று அப்போது உலகத்தில் எந்தக் கம்பெனியிடமும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெட்டியைச் செய்தவன் அவன். அதை உலகத்துக்குச் சொன்னவன் நான். கேம் பெட்டி தயாரிக்கும் இருபத்தாறு கம்பெனிகளுக்கு, பெட்டி ஓடுவதை வீடியோ எடுத்து இணைத்து, கூட்டுத் தொழிலுக்கு வருகிறீர்களா என்று எழுதினேன். ஒவ்வொரு கடிதமும் ஒரு வாரம் பிடித்தது. இருபத்தைந்து பேர் பதிலே போடவில்லை. இருபத்தாறாவது தைவானில் இருந்த கம்பெனி.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்த வாரத்தில் அவர்கள் பதில் வந்தது, என் போனுக்கு, மெயிலாக. இரண்டு பக்கம். கல்லாவில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். அவர்களுக்குப் பெட்டி பிடித்திருந்தது. முத்தமிழ்செல்வன் வந்து அங்கே ஆறு மாதம் இருக்க வேண்டும், அக்டோபரில் வந்தால் குளிர் தாங்கும், லாரி ஹார்ன் சத்தத்தை மாற்றவே கூடாது, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையின் ஓரத்தில் அவன் பெயரைத் தமிழ் எழுத்திலேயே அச்சிடுவோம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள்.

உள்ளேயிருந்து அவன் கேட்டான், "என்னடா சொல்றானுவ?"

"வேணாங்கறான்" என்றேன்.

என் வாழ்க்கையில் அவனிடம் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான். அதற்குக் காரணமும் இருந்தது. அவன் திருச்சிக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி எடுப்பவன். இரண்டு வேளை ரசம் இல்லாவிட்டால் மூன்றாவது வேளை படுத்துவிடுவான். முகம் தெரியாத ஊரில் பாஷை தெரியாமல் என்ன செய்வான்? கூட இருப்பவன்தானே இதையெல்லாம் யோசிக்க வேண்டும். அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். பிறகு வந்து என் தோளில் கை வைத்து, நீ எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினே, வுட்டுத் தள்ளு என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

அவனுக்கு விருப்பமில்லை என்று தைவானுக்கு எழுதிப் போட்டேன். அவர்கள் விடவில்லை. லின் என்ற அம்மாள்தான் எழுதுவார். நாங்களே நேரில் அரியலூருக்கு வந்து அவரிடம் பேசுகிறோம் என்றார். நேரில் வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? முத்தமிழ்செல்வன் மாரடைப்பில் இறந்துவிட்டான் என்று எழுதினேன். மிக நல்ல மனிதர்கள் அவர்கள். அலுவலகத்தில் எல்லோரும் வேலையை நிறுத்தி ஒரு நிமிடம் எழுந்து நின்றதாக இரங்கல் கடிதம் வந்தது. அந்த அம்மாள் அழுததாகவும் எழுதியிருந்தார்.

இதனால் எனக்குக் காலணா லாபம் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியை நான் யாருக்கும் விற்கவில்லை.

அதன்பிறகு அவன் புதிதாக எதையும் செய்யவில்லை. கடைக்கு வருவதும் குறைந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் மோட்டார் பார்க்கும் வேலைக்குப் போனான். ரத்தக்கொதிப்பு இருந்திருக்கிறது, மாத்திரை போடவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. சொந்த ஊரான பூலாம்பாடிக்கே போய்ப் படுத்துக்கொண்டான். செவ்வாயும் வெள்ளியும் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

ஞாயிற்றுக் கதை கடிதம் வந்த அந்த வருடமே தொடங்கிவிட்டது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பூலாம்பாடிக்குப் போய்விடுவான், அங்கே பார்க்கப் போயிருந்தேன். சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டான், "அவன் மட்டும் சரின்னு சொல்லிருந்தா என்னடா ஆயிருக்கும்?"

எனக்கு விடை தெரியும். சொன்னேன். அக்டோபரில் நீ போயிருப்பாய், ஹார்னை மாற்றாதே என்றிருப்பார்கள், பலகையில் உன் பெயரைத் தமிழில் போட்டிருப்பார்கள் என்று. அவன் வாய்விட்டுச் சிரித்தான். உனக்கு என்னா கற்பனைடா என்றான். அடுத்த வாரமும் கேட்டான்.

கடிதம் இரண்டு பக்கம்தான். அதை ஒன்பது வருடம் நீட்ட வேண்டுமானால் சரக்கு வேண்டும். நான் உலகத்துக் கேம் கம்பெனிகளின் செய்தியையெல்லாம் படித்தேன். எவன் எவனோடு கூட்டுச் சேர்ந்தான், எவன் எவனைக் கைகழுவினான் என்று பார்த்து, நம் பெட்டி நடுவில் இருந்திருந்தால் யார் யாரோடு சேர்ந்திருப்பார்கள் என்று மாற்றிச் சொன்னேன். ஜப்பான்காரர்கள் நம் பிளக்கிற ஜாய்ஸ்டிக்கைக் கேட்டு வந்து நிற்பார்கள். தைவான்காரர்கள் அவனைக் கேட்காமல் முடியாது என்பார்கள். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அந்தச் சிவப்புக் கலர் வேண்டாம், அழுக்குத் தெரியும், சிமெண்ட் கலரே இருக்கட்டும் என்று அவர்களோடு வாதாடுவான். வேணி, அவன் மனைவி, அடுப்படியிலிருந்து சிரிப்பாள். அண்ணன் வந்தாத்தான் இவர் வாயே தெறக்குது என்பாள்.

எது நான் இட்டுக்கட்டியது, எது கடிதத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும் அல்லவா. கடிதத்தில் இருந்தது வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்வேன். அவன் முகத்தைப் பார்ப்பேன். அது மலர்ந்து, பிறகு மெல்ல வாடும். நம்ம ராசி அவ்வளவுதான் என்பான். அதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்வான், நானும் வாங்கிக்கொள்வேன்.

வினோதினி இப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறதாம். கேம் கம்பெனிகள் நடந்தபடி நடக்காமல் வேறு மாதிரி கூட்டுச் சேர்ந்திருந்தால் சரித்திரம் எப்படிப் போயிருக்கும் என்று உலகத்தில் வேலையற்றவர்களெல்லாம் அதில் எழுதுகிறார்கள். அப்பாவைச் சந்தோஷப்படுத்த, என் ஞாயிற்றுக் கதைகளை அவள் ஆங்கிலத்தில் அதில் எழுதிவந்திருக்கிறாள். யாரோ ஒருவர் வழியாக அது லின் அம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. ஹார்ன், அக்டோபர், பலகையில் தமிழ் எழுத்து, இதெல்லாம் தாம் அன்றைக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது, நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் இறந்துவிட்டாரே என்றும் கேட்டிருக்கிறார்.

ஒரு புதன்கிழமை வினோதினி என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த மோரைத் தொடவில்லை. பழைய கடிதத்தைப் போனில் காட்டினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"மாமா, நான் யார்கிட்டயும் சொல்லல. அப்பாகிட்ட நீங்களும் சொல்லிடாதீங்க, அவரு தாங்க மாட்டாரு. உங்க கதைய கேக்கத்தான் அவரு ஆஸ்பத்திரிக்கே பஸ் ஏறுறாரு. வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம அந்தம்மா வீடியோல பேசுறாங்க. இப்பத்தான் புதுசா கேள்விப்பட்டு கேக்குற மாதிரி பேசுறேன்னு ஒத்துக்கிட்டாங்க. பெட்டிய இப்பவும் பண்ணலாமாம். பழசு எதுவும் அவருக்குத் தெரிய வேணாம்."

பிறகு, நான் உங்களை மன்னிச்சுட்டேன் என்றாள். இருபது வயசுப் பெண். நான் தலையாட்டி அனுப்பினேன்.

நன்றாக யோசித்தேன். அந்த அம்மாள் பேச வரும் ஞாயிறுக்கு முன்னால் ஒரு ஞாயிறு பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு என் கதை தேவைப்படாது. மூன்று பேருக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவனிடம் மட்டும் மறைப்பது நேர்மையும் அல்ல. அவன் பேரில் வந்த கடிதம், அவனுக்குப் படிக்க உரிமை உண்டு. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவன் கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தான். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவன் ரசித்துக் கேட்டான். "இந்த வாரம் நல்லாருக்குடா. என்னையவே சாவடிச்சுட்டியே" என்று சிரித்தான். கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தன் பெயரை மட்டும் அவனால் படிக்க முடிந்தது. கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டான். "என்னான்னு படி பாப்பா."

வினோதினி வாங்கிப் பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். குரல் நடுங்காமல் தமிழில் படித்தாள். "உங்கள் பெட்டியைப் பார்த்தோம். எங்களால் இதில் சேர முடியாததற்கு வருந்துகிறோம்."

தப்பான மொழிபெயர்ப்பு எனக்குப் பொறுக்காது. அது ‘வருந்துகிறோம்’ இல்லை பாப்பா, ‘மகிழ்கிறோம்’ என்று திருத்தினேன். அவள் அடுத்த வரியைப் படித்தாள், நீங்கள் வர வேண்டியதில்லை என்று. ‘அக்டோபரில் வாருங்கள்’ என்று திருத்தினேன். மூன்றாவது வரிக்கு வந்ததும் காகிதத்தைக் கட்டிலில் போட்டுவிட்டாள். மீதியை நானே படித்து முடித்தேன். வேணி ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

முத்தமிழ்செல்வன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு தூரம் போனவனைத் திட்டவாவது செய்திருக்கலாம். வினோதினி அவன் காலடியில் உட்கார்ந்து, அந்தம்மா அடுத்த ஞாயிறு உங்ககிட்ட பேசுறாங்கப்பா, பெட்டி வருமாம்ப்பா, பேரு போடுவாங்களாம்ப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவன் சொன்னான், "வேணாம் பாப்பா. அவங்க ஒருதரம் எந்திரிச்சு நின்னு அழுதுட்டாங்க. மறுக்கா எதுக்கு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் ஒரு மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறவில்லை. வெள்ளிக்கிழமையும் ஏறவில்லை. ஆம்புலன்ஸ் வந்து திரும்பியதாம். ஞாயிறன்று தைவானிலிருந்து கூப்பிட்டபோது போன் தலையணையில் கிடந்து அடித்து ஓய்ந்ததாம். அதற்கடுத்த வியாழக்கிழமை இறந்துபோனான். மாலையோடு போனேன். வேணி கதவைச் சாத்திவிட்டாள். மாலையைப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

உண்மையைச் சொன்னதற்கு என்ன பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்கள் காலையிலிருந்து புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள். அது உங்கள் கஷ்டம். கடிதத்தை மறைத்தது நான்தான். உயிரோடு இருந்தவனை இறந்துவிட்டான் என்று எழுதியது நான்தான். சொன்னால் பிழைக்கமாட்டான் என்று அவன் மகள் சொன்ன பிறகும், தெரிந்தேதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்ட கேள்வி. வினோதினி கொடுத்த நகலில் முடிவு வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறாள். அந்த வரியை நான் எந்த ஞாயிறும் அவனுக்குச் சொன்னதில்லை. அன்றைக்குப் படித்தபோதும் அதற்கு முந்தின வரியோடு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் கேட்பதால் தமிழில் சொல்கிறேன். ‘அழகான ஆங்கிலத்தில் எழுதித் தந்த உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். இனி அவருக்குச் சிரமம் வேண்டாம், எங்களிடம் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.’

நான் எழுதிய இருபத்தாறு கடிதத்திலும் என் பெயருக்குக் கீழே பங்குதாரர் என்று போட்டிருந்தேன். அவர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நான் செய்ததற்கும் அந்த வரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம்.