பாட்டிலில் ஒட்டிய முட்டைகள்

“இந்தப் பல்லி ராத்திரில தூங்கும்க்கா, நம்மள மாரியே.”

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து குன்றத்தூர் போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் மடியில், மூடியில் ஓட்டை போட்ட ஊறுகாய் பாட்டில். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் பல்லி.

“பகல்லதான் சுத்தும். கண்ணுமணியப் பாரு, வூட்டுப் பல்லி மாரி கோடா இல்ல, ரவுண்டா கீது.”

“தண்ணி?”

“கிண்ணத்துல வெச்சா சீண்டாது. கண்ணாடில தெளிச்சா நக்கும்.”

“இப்ப எங்க எடுத்துகினு போற?”

“புடிச்ச மலையிலயே வுட்டுர்லாம்னுதான். ஆனா முட்ட வெச்சிருச்சுக்கா. கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, சுரண்டுனா ஒடஞ்சிரும்.”

“அப்ப?”

“மூடியத் தொறந்து, பாட்டிலோட பாற சந்துல வெச்சுருவேன்.”

“அது உன் மாமியார் பாட்டிலாச்சேடி!”

“பொரியட்டும். அப்பறம் திட்டு வாங்கிக்கறேன்.”

மலையடிவாரத்தில் அவள் இறங்கினாள். பாட்டில் பத்திரமாக இறங்கும் வரை கண்டக்டர் விசில் ஊதவில்லை.