துறைக்கு வாங்க

எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம், ஐயா. நான் மெதுவாகவே சொல்கிறேன். வசனங்களை ஒழுங்காக அமைப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் சொல்வார்கள். ஆய்வாளர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதும் அதற்காகத்தான்.

நாங்கள் பதினெட்டுப் பேர். சுனாமிக்குப் பிறகு வாவியை அளக்கவும் சனங்களின் இழப்புகளைப் பதியவும் எங்களை எடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நியமனக் கடிதம். அது முடிந்தால் இன்னொரு மூன்று மாதம். மூன்று வருடம் இப்படியே போன பிறகு, 2008இல்தான் நிருவாகம் ஒப்பந்தம் பேச ஒத்துக்கொண்டது. சங்கத் தலைவர் உதயரூபன். என்னைவிடப் பத்து வயது இளையவர். மேசைக்கு எதிரே யார் இருந்தாலும் சிரித்துக்கொண்டே பேசுவார். அவரை எனக்குப் பிடிக்கும். பொறாமையும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஐந்தாவது சுற்றில் நிருவாகம் ஒரு வரைவைத் தந்தது. ஏழு பேருக்கு நிரந்தர நியமனம். மற்றப் பதினொரு பேரும் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைக் கிராமங்களில் தங்கி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குப் பழையபடி மூன்று மாதக் கடிதம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்திடாவிட்டால் அந்த ஏழும் கிடையாது. ஏழில் முதலாவது பெயர் என்னுடையது. எனக்கு நாற்பத்தொரு வயது. இன்னொரு கடிதத்துக்காகக் கந்தோர் வாசலில் நிற்க என்னால் முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

உதயரூபனின் பெயரும் அந்த ஏழில் இருந்தது. ஆனாலும் பதினெட்டுப் பேரும் இல்லாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார்.

அவருக்கு நான் நாவலடிக் கதையைச் சொன்னேன். சுனாமி வந்த காலையில் ஒரு வீட்டுக் கூரையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஏழாவதாக ஒருவர் ஏற வந்தார். கூரை தாங்காது. எல்லோரும் ஏறப் பார்த்தால் எல்லோரும் போவோம். அவருடைய கையை விடுவிக்க வேண்டியிருந்தது, விடுவித்தேன். அதனால் ஆறு பேர் பிழைத்தோம். இதைத்தான் சொன்னேன்.

உதயரூபன் வரைவை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார், "இது கூரையில்ல அண்ணன், கடதாசி. எத்தின பேர எழுதினாலும் தாங்கும்."

அந்தப் பதிலை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அழகான வசனம். ஆனால் கையெழுத்து வைக்காமல் விடுவதற்கு அது காரணமாகாது.

தலைவர் இல்லாத இடத்தில் செயலாளரின் கையெழுத்துப் போதும் என்று எங்கள் சங்க யாப்பின் விதிகளில் இருக்கிறது. அதை எழுதியவன் நான்தான்.

வியாழக்கிழமை தேநீர்க் கடையில் வைத்து, நான் மனம் மாறிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். நாளைக்கு அக்கரைக்குப் போவோம், பதினொரு பேரிடமும் கையெழுத்து வாங்கி வந்து நிருவாகத்தின் முன்னால் வைப்போம் என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை எங்கள் துறையில் இருந்து அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுதுவினைஞர் ஸாதியா பக்கத்து மேசையில் இருந்தார். "பன்னிரண்டரைக்குத் துறைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன். வளாகத்துக்குள் துறை என்றால் நாங்கள் வேலை செய்கிற துறைதான். வாவிக்கரையில் துறை என்றால் தோணி கட்டுகிற இடம். ஸாதியா ஒன்றை விளங்கிக்கொண்டார், உதயரூபன் மற்றதை. நான் பொய் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் தோணித்துறை வெறுமையாக இருக்கும். தோணிக்காரர் கச்சி முகம்மது ஜும்மாவுக்குப் போய்விடுவார். தோணியை எனக்கென்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தேன்.

நடுவாவியைத் தாண்டிக் கண்டல் காட்டுப் பக்கம் திரும்பியதும், தோணி தள்ளுகிற கம்பால் உதயரூபனின் பின்தலையில் அடித்தேன். அவர் தண்ணீரில் விழுந்தார். அங்கே இடுப்பளவுதான் ஆழம். எழுந்து நின்றார். கழுத்தெல்லாம் இரத்தம். "அண்ணன், கம்பு பட்டிட்டு" என்றார். தவறிப் பட்டது என்றே நினைத்திருக்கிறார். இரண்டாவது அடி நெற்றியில். மூன்றாவதில் கம்பு முறிந்தது. அப்போதும் தோணியின் விளிம்பை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சுண்டுவிரலில் இருந்து தொடங்க வேண்டும். பெருவிரலில் தொடங்கினால் கழற்ற முடியாது. அது எனக்கு நாவலடியிலேயே தெரியும். பிறகு தலையைத் தண்ணீருக்குள் அமர்த்திப் பிடித்தேன். ஒரு பக்கம் தட்டச்சு அடிக்கிற நேரம் எடுத்தது.

உடலைக் கண்டல் வேர்களுக்குள் செருகி, நங்கூரக் கல்லைக் கட்டினேன். எங்கள் ஏழாம் இலக்க அளவுக்கம்பிக்குப் பக்கத்தில். அங்கே மாதாமாதம் நீர்மட்டம் அளக்க வேண்டும். வேறு யாரையும் அனுப்பாமல் நானே போய் அளந்துவந்தேன்.

சாப்பாட்டுக்குப் போன ஸாதியா இரண்டு மணிக்குத் திரும்பியபோது நான் என் மேசையில் இருந்தேன். இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றி வைத்திருந்தேன்.

"குளிச்சீங்களா சேர்? தல ஈரமா இரிக்கு."

"வெக்க தாங்கல்ல. உதயரூபன இன்னும் காணல்லையே."

"வருவாரு சேர்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். துறைக்கு வரச் சொல்லி நான் காத்திருந்ததாகப் பொலிசுக்கு அவர் சொன்னது அவருடைய மனமறிந்த உண்மை. அந்த வருடத்தில் ஓர் ஆள் வழியில் காணாமல் போனால் வெள்ளை வானில் கடத்திவிட்டார்கள் என்று ஊரே சொல்லும். நான் எதுவுமே சொல்லத் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை கையெழுத்திட்டேன். அன்றைக்கு ஒரு வாசகத்தையும் போராடிச் சேர்த்தேன். களத்தில் இறக்கும் ஆய்வாளரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுக்க வேண்டும். உதயரூபனின் நினைவாகத்தான். அடுத்த மாதமே பதினொரு பேரின் கடிதமும் முடிந்தது, புதியது கொடுக்கவில்லை. அது நிருவாகத்தின் குற்றம்.

அந்த வாசகத்தின் கீழ் வேலை கேட்டு, உதயரூபனின் மனைவி கேதீஸ்வரி மாதாமாதம் என்னிடம் வந்தார். உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் வேலை இல்லை. அவருக்காகப் பதினான்கு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளும் தேநீர் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

யுத்தம் முடிந்த பிறகுதான் சிக்கல் வந்தது. அதுவரை சாவுக்கு யாரும் காரணம் கேட்டதில்லை. கடைசியாக வந்த நாளில் கேதீஸ்வரி தேநீரைத் தொடவில்லை. ஸாதியாவும் கூட நின்றார்.

"அண்டைக்குத் துறைக்குப் போறன் எண்டு சொல்லித்தான் வெளிக்கிட்டவரு. ஆனா மாத்திக் கட்டச் சாரம் ஒண்டையும் மடிச்சு எடுத்தவரு. கந்தோருக்குப் போறவருக்கு என்னத்துக்கு அண்ணன் சாரம்? நனையிறதுக்குத்தானே எடுத்தவரு."

கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன். வருவதற்கு முன்பே இருவரும் கச்சி முகம்மதிடம் போய் விசாரித்திருந்தார்கள். அந்த மனிதரிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்றைக்குத் தோணியை எடுத்தது நான் என்று சொல்லியிருப்பார்.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியதற்கு நன்றி, ஐயா. எல்லாம் சரி, கொன்றது நான்தான். ஒரே ஒரு திருத்தம். நான் அவரைத் 'துறைக்கு' அழைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 'தோணித்துறைக்கு' என்று மாற்றுங்கள். படிக்கிறவர் பிழையாக விளங்கிக்கொள்ள நான் ஒருநாளும் விட்டதில்லை.