மரம் அவிக்க எண்ணெய்

உடுப்பிட்டியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற ஒரு காலை, எனக்கு முன்னால் நின்றவர், "எனக்கு மரம் அவிக்கத்தான் எண்ணெய்" என்றார். அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"சோறு அவிக்கவே எண்ணெய் இல்லை. மரத்தை ஏன் அண்ணை அவிக்கிறியள்?"

"மீன்தொட்டிக்குள்ளை வைக்க. தொண்டைமானாற்றங்கரையிலை ஒதுங்கிக் கிடந்த கட்டை, நடுவிலை ஒரு பொந்து. பத்து நாள் ஊறவைச்சும் உப்பும் சாயமும் போகேல்லை. அவிக்காமல் வைச்சால் மீன் செத்துப்போகும்."

"உந்த நேரத்திலை மீன்தொட்டியோ?"

"என்ரை மகளின்ரை. அவளுக்கு எட்டு வயசு. பொம்மர் வந்து குண்டு போடேக்கை மீன் பயந்து கண்ணாடியிலை அடிபடுது. அதுக்கு ஒளிக்க ஒரு இடம் கிடைச்சால்தான் தானும் பங்கருக்குள்ளை வருவாளாம்."

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாமே?"

"ஒருக்காத் தூக்கினனான். கத்திக் கத்தி மயங்கிப்போனாள்."

அந்த நேரம் எண்ணெய் முடிந்துவிட்டதென்று சொல்லிக் கடைக்காரர் கதவைச் சாத்தினார். வரிசை கலைந்தது. அவர் வெறும் போத்தலோடு நின்றார்.

"அப்ப பொம்மர் வந்தால் என்ன செய்யிறியள்?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"தொட்டியடியிலை அவளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."