ஒற்றைத் தட்டு

சாயங்காலம் ஆறரை. பீர்மேட்டுக்குக் கீழே, எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற தனிச் சாலை... மூடுபனி இறங்கிவிட்டால் சொந்தக் கையே தெரியாது. ஒரு பக்கம் தேயிலை. இன்னொரு பக்கம் ஒன்றுமே கிடையாது, நேரே பள்ளம்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கரண்ட் இப்போதைக்கு வராது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இது நம்ம ஜிபியின் மச்சான் வேதமுத்துவுக்கு நடந்தது. ஜிபியேதான் சொன்னான். அவன் வாயைத் திறந்தால் புளுகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த டீயை அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

வேதமுத்து ட்ரிப் ஜீப் ஓட்டுகிறவன். நம் ஜீப்புகளில் ஏது மணி, ஏது கண்டக்டர்? பின்னால் இருக்கிறவர்கள் உள்ளங்கையால் தகரத்தில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் ஆள் இறங்கியாச்சு, போகலாம். இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு அந்தச் சத்தம் மண்டைக்குப் போகாது, நேரே காலுக்குப் போகும். ஒரு தட்டு விழுந்தால் பிரேக்கில் கால் இருக்கும்.

பழைய எஞ்சின் ஏற்றத்தில் நின்றால் நின்றதுதான், மறுபடி இழுக்காது. அப்படித்தான் முதல் பிள்ளை போனது. அவன் பெண்டாட்டி ஜெஸ்னாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சிலுவைக் கூண்டு இருக்கிறதே, அந்தக் குருசடி வளைவில் வண்டி நின்றுபோய்... விடுங்கள், அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது தங்கியதும் வேதமுத்துவுக்கு ஒரே ஒரு நினைப்புதான். இந்தப் பிள்ளையைக் கொண்டுபோகும்போது வண்டி திணறக் கூடாது.

புது எஞ்சின் வாங்க அவன் என்ன எஸ்டேட் முதலாளியா? குமுளியிலிருந்து கம்பம் வரை ஒரு ஆக்கிரிக்கடை விடாமல் பழைய இரும்பைக் கிளறினான். நொறுங்கிய பிக்கப் ஒன்றின் எஞ்சின் பிளாக் கிடைத்தது. ஹெட் வேறொரு வண்டியுடையது. பிஸ்டன் ஒரு ஊர், பம்ப் ஒரு ஊர். லயத்து வாசலில் தார்ப்பாய் கட்டி, எல்லாவற்றையும் டீசலில் கழுவிக் கோத்தான். ஜெஸ்னா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மறு கையால் டார்ச் பிடித்தாள்.

டர்போ மட்டும் அமையவே இல்லை. அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால்தானே எஞ்சின் ஏற்றத்தில் இழுக்கும்? கடைசியில் ஆக்கிரிக்கடை செபாஸ்டின் மூலையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்த வண்டிலே உள்ளது?"

"குருசடி வளவுல பள்ளத்துல போச்சே, அந்த ஜீப்பு. மாசமான பொம்பள ஒருத்தி அதுல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. முடியலன்னு ஒரு தட்டு தட்டிருக்கா. டர்போ போட்ட சத்தத்துல டிரைவருக்குக் கேக்கலன்னு பொழச்சவன் சொல்லுதான். தாயும் போச்சு, வயித்துல உள்ளதும் போச்சு. யோசிச்சு எடுத்துக்க."

வேதமுத்து உள்ளே இருந்த விசிறியை விரலால் சுண்டினான். சத்தமே இல்லாமல் சுற்றியது. ஆட்டம் இல்லை. வீட்டில் ஒருத்தி நிறைமாசமாக நிற்கிறாள், அவன் எங்கே யோசிக்க?

எஞ்சின் முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. மெல்லிய விசில்... ஸ்ஸ்ஸ் என்று ஏறி இறங்கியது. சூடேறியதும் ஒரு வாசனை. டீசல் இல்லை, ஆயில் இல்லை. வசம்பு சுட்ட வாசனை. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் அடிக்குமே, அது. எங்கிருந்து வருகிறதென்று பானட்டுக்குள் தலையை விட்டுத் தேடினான், ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் சாயங்காலம் வெறும் வண்டியோடு ஏறினான். குருசடி வளைவு. கியர் மாற்ற, விசில் அடங்கியது.

டப்.

கால் பிரேக்கில். பின்னால் ஒரு ஈ காக்காய் இல்லை. ஆனால் வண்டியின் ஸ்பிரிங் பட்டை 'கிரீச்' என்று மேலே எழும்பியது... ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி. அப்புறம், டப் டப்.

வண்டியை எடுத்தான். எந்த இடத்தில் பழைய எஞ்சின் செத்ததோ, அதே இடத்தில் இது வெண்ணெயாக இழுத்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து படுத்தான். பாவம், தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் தினமும் இதேதான்.

ஜெஸ்னாவிடம் சொன்னான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தச் சனியன கழட்டிப் போட்டுருங்க."

"கழட்டுனா வண்டி ஏறாதுட்டி. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்க, நடந்தா போவ?"

அவள் கழுத்துக் குருசை எடுத்து நீட்டினாள். "அப்பம் என்னயக் கொண்டுபோற அன்னைக்கு மட்டும் எந்தத் தட்டு கேட்டாலும் நிறுத்தக் கூடாது. குருசு மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினான். சத்தியம் பண்ணுவது வாய். பிரேக்கை மிதிப்பது கால்.

கோயில் சப்பரத்துக்கு லயமே காலியாகப் போயிருந்த அன்று வலி வந்தது. அவள் அம்மா மறுநாள்தான் வருவதாக இருந்தது, யாருக்காகக் காத்திருப்பது? பின்னால் மெத்தை போட்டு ஜெஸ்னாவைப் படுக்க வைத்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தான். பனியும் மழையும் சேர்ந்து அடித்தது. நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். குருசடி வளைவு வந்தது. விசில் அடங்கியது.

டப்.

நின்றுவிட்டது வண்டி. அவன் கால்தான், அவனேதான் நிறுத்தினான். ஐயோ என்று காலை எடுப்பதற்குள் கிரீச்... பட்டை எழும்பியது. கொஞ்சம்தான். டப் டப்.

அதற்கப்புறம் எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் தார்ப்பாயை அவிழ்த்தான். ஜெஸ்னா இருந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த நிம்மதியில் அவன் அழுதேவிட்டான்.

"ஏங்க... வலி நின்னுருச்சு."

நர்ஸ் துடிப்புக் கேட்கிற கருவியை அவள் வயிற்றில் வைத்தாள். இடப்பக்கம் நகர்த்தினாள். அப்புறம் வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம்... வேதமுத்து ஜெஸ்னாவின் கையைப் பிடித்தான். அந்தக் கையில் வசம்பு வாசனை.

"தட்டு கேட்டுச்சே..." என்றான்.

"ரெண்டு தட்டு நான்தான் தட்டுனேன். ஆள் இறங்கிட்டாவன்னா தட்டணும்லா?" மயக்கத்தில் பேசுகிற பேச்சு அது. "லயத்துலேருந்து என் கையப் புடிச்சிட்டே வந்தாவளே, அந்த அக்கா... வரும்போ வெறுங்கைதான். இறங்கும்போ துணியில என்னமோ பொதிஞ்சு மார்போட அணைச்சிருந்தாவ."